புளோக் கீழ்த்தளச் சுவரில் படம் வரைந்தால் போதுமா?

ஈசூன்வாசி:
சிங்கப்பூர் ஈசூனில் எங்கள் புளோக் (அடுக்குமாடிக் கட்டடம்) கீழ்த்தளத்தில், எல்லாரும் புழங்கும் திறந்த இடத்தில், 12 மீட்டர் சுவர் காலியாகக் கிடக்கிறது. சுவரோவியம் வரையலாம் என்கிறது வசிப்போர் குழு. மூத்தோரும், வாடகை வீட்டுப் பிள்ளைகளும் நிறைய. அவர்களுக்கு உண்மையாகவே பயன்பட எங்கே தொடங்குவது?

கோலப்புள்ளி:
படத்தை அப்புறம் பார்க்கலாம். முதலில் புளோக் வரைபடம் ஒன்றை எடுத்து, ஒரு வேலைநாளும் ஒரு சனிக்கிழமையும் காலை 7, பகல் 11, மாலை 5, இரவு 8 மணிக்கு யார் எங்கே உட்காருகிறார்கள், சந்தைப் பையோடு எங்கே மூச்சு வாங்க நிற்கிறார்கள் என்று புள்ளி வையுங்கள். புள்ளி அடர்ந்த இடத்தில் பெஞ்சும் ஓவியமும் சேர்ந்தே வரட்டும். பெஞ்சுக்குக் கைப்பிடி அவசியம். இருக்கை 45 செ.மீ.-க்குக் குறைந்தால் முழங்கால் வலிக்காரர் எழச் சிரமப்படுவார்.

தோ பாயோ டிராகன் விளையாட்டிடம் நல்ல பாடம். 1979-ல் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வடிவமைப்பாளர் கோர் இயன் கீ உருவாக்கியது. மொசைக் தலை அத்தனை அழகு, ஆனால் பார்க்க மட்டுமல்ல, அதிலிருந்துதான் பிள்ளைகள் சறுக்கி வருவார்கள்.

சுவர்க்காரர்:
அடுத்து எப்போது புளோக்குக்குச் சாயம் அடிக்கிறார்கள் என்று நகர மன்றத்திடம் கேளுங்கள். பொதுவாக 5 முதல் 7 ஆண்டுக்கு ஒருமுறை. அடுத்த ஆண்டே என்றால் காத்திருங்கள், இல்லாவிட்டால் உழைப்பெல்லாம் புதுச் சாயத்துக்குள் போய்விடும்.

சுவர் ஈரத்தைச் சோதிக்க, ஒரு சதுர அடி பிளாஸ்டிக் தாளை நாலு ஓரமும் டேப் போட்டு ஒருநாள் ஒட்டி வையுங்கள். உள்ளே வியர்த்தால் தொடாதீர்கள், சாயம் கொப்பளித்து உரியும். வெள்ளை உப்புப் பூத்திருந்தால் உலர்ந்த பிரஷால் தேய்த்தெடுங்கள். தண்ணீர் விட்டால் உப்பு கரைந்து திரும்ப உள்ளேதான் போகும். பிறகு சிமெண்டின் காரத்தைத் தாங்கும் சீலர் (அடிப்பூச்சு) ஒரு பூச்சு, வெளிச்சுவர் அக்ரிலிக் சாயம் இரண்டு பூச்சு. உயரம் 2 மீட்டர் என்றால் 24 சதுர மீட்டர். லிட்டருக்கு 10 சதுர மீட்டர் கணக்கில் இரண்டு பூச்சுக்கு 5 லிட்டர் வரும். தரையிலிருந்து 30 செ.மீ. வரை படம் வேண்டாம், தளம் கழுவும் தண்ணீர் அங்கேதான் தெறிக்கும்.

நாலுமொழி:
சனிக்கிழமைக் கூட்டத்தை மட்டும் நம்பாதீர்கள். ஷிஃப்ட் வேலை பார்க்கும் பெற்றோர் வரமாட்டார்கள். மூன்று மாதிரிப் படங்களை மின்தூக்கி அருகே இரண்டு வாரம் ஒட்டி, நாலு மொழியிலும் குறிப்பெழுதி, பிடித்த படத்தில் ஒட்ட வட்ட ஸ்டிக்கர் வையுங்கள். பிள்ளைகள் கைக்கு எட்டும் உயரத்தில் இருக்கட்டும்.

இன்னொன்று: கீழ்த்தளத்தின் நடுவில் எதையும் போல்ட் போட்டு இறுக்காதீர்கள். மலாய்க் கல்யாணமும் சீனர் துக்க வீடும் நடப்பது அங்கேதான். பெஞ்சு சுவரோரமாகவே போதும்.

ஈசூன்வாசி:
மிக்க நன்றி. சாயம் அடிக்கும் தேதியை நாளைக்கே கேட்கிறேன். 11 மணிப் புள்ளிகளை இந்த வாரமே வைக்க ஆள் சேர்க்கிறேன்.