மலைக்கிராமங்களில் சிறு குழுவாக, நிதானமாக: ஊருக்கு இதனால் என்ன லாபம்?

வழிப்போக்கன்:
எட்டுப் பேருக்கு மேல் இல்லாத குழு. ஒரே பள்ளத்தாக்கில் பத்துப் பன்னிரண்டு நாள். ஓட்டல் கிடையாது, ஊர்க்காரர் வீட்டிலேயே தங்கல். ஒரு கிராமத்திலிருந்து அடுத்ததுக்கு நடை. தொலைவான மலை ஊர்களுக்குப் போக இதைவிட நல்ல வழி இல்லை என்பது என் கட்சி. மாற்றுக் கருத்து இருந்தால் சொல்லுங்கள்.

முதலில் உடம்பு. 3,000 மீட்டரைத் தாண்டிவிட்டால், இன்று படுக்கும் உயரம் நேற்றைய உயரத்தைவிட 500 மீட்டருக்கு மேல் கூடக்கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஏறாமல் ஓய்வெடுக்க வேண்டும் என்பது மலை மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. அவசரப்படுகிறவனை அந்த உயரம் படுக்கையில் தள்ளிவிடும்.

அடுத்தது பணம். பஸ்ஸில் வந்து படமெடுத்துக்கொண்டு சாயங்காலமே இறங்குகிறவர்களால் ஊருக்கு மிஞ்சுவது குப்பை. தங்குகிறவர் பணம் வீட்டுக்குள் போகிறது. லடாக்கில் ஹெமிஸ் தேசியப் பூங்காவுக்குள் இருக்கும் ரும்பாக் கிராமத்தைப் பாருங்கள். பனிச்சிறுத்தை ராத்திரி பட்டிக்குள் குதித்தால் ஓர் ஆட்டோடு போகாது, அகப்பட்டதையெல்லாம் கடித்துப் போட்டுவிடும். அந்த ஊர்க்காரருக்கு அது எமன். 2000-களின் தொடக்கத்தில் அங்கே ஹோம்ஸ்டே தொடங்கியது. இப்போது சிறுத்தையைப் பார்க்கத்தான் ஆட்கள் வருகிறார்கள். உயிரோடு இருக்கும் சிறுத்தையால் அந்த வீடுகளுக்கு வருமானம்.

கல்லும்முள்ளும்:
பணம் வீட்டுக்குள் போகிறது என்கிறீர்கள். வீட்டுக்குள் யார் கைக்கு?

நீங்கள் சொல்கிற மாதிரியான குழுவில்தான் நானும் போனேன். தங்கிய வீட்டில் மருமகள்தான் முதலில் எழுந்தாள். ஊற்று, தெருவுக்கு ரொம்பக் கீழே. அந்தக் குடும்பத்துக்கு மட்டும் என்றால் ஓரிரு நடையில் முடிகிற வேலை. நாங்கள் குளிக்க, துணி அலச என்று விடியும் முன்பே திரும்பத் திரும்ப இறங்கி ஏறிக்கொண்டிருந்தாள், இடுப்பில் குடம், கையில் கேன். எங்களுக்குச் சாப்பாடு வைத்த பிறகுதான் மாட்டுக்குத் தீனி. கிளம்பும்போது குழுத்தலைவர் பணத்தை எண்ணி மாமனார் கையில் கொடுத்தார். அவள் அப்போதும் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

ஒரு நாள் வந்து போகிறவன் தெருவைத்தான் பார்க்கிறான். நிதானமாக வருகிறவன் அடுப்படி வரை வருகிறான். நிதானம் என்பதாலேயே இது மேலான பயணம் என்பதை நான் ஏற்க மாட்டேன். விருந்தாளி இருக்கிற வரை அந்த வீட்டில் சத்தமாக ஒரு சண்டைகூடப் போட முடியாது.

பனிமுகடு:
கல்லும்முள்ளும் அண்ணே, நீங்கள் பார்த்தது நடக்கிறதுதான். ஆனால் அது ஏற்பாட்டின் கோளாறு. கிர்கிஸ்தானில் இதை வேறு மாதிரி செய்திருக்கிறார்கள். சோவியத் கூட்டுப்பண்ணைகள் கலைந்து மேய்ச்சல்காரர்கள் கையில் காசில்லாமல் நின்ற பிறகு, 2000-ஆம் ஆண்டில் கோச்கோர் பகுதியில் ஊர்க்குழு தொடங்கினார்கள், சுவிட்சர்லாந்து உதவியோடு. பிறகு பல ஊர்க் குழுக்கள் சேர்ந்து ஒரு சங்கமானது. வருகிறவர் நேராகப் போய் ஒரு வீட்டுக் கதவைத் தட்டுவதில்லை. ஊர் ஒருங்கிணைப்பாளரிடம் போக வேண்டும், அவர் வீடு ஒதுக்குவார். வீடுகளுக்குத் தரம் உண்டு, நட்சத்திரத்துக்குப் பதில் எடல்வைஸ் பூ. கட்டணமும் முன்கூட்டியே தெரியும். பேரம் பேசி ஏழை வீட்டை அமுக்க வழியில்லை.

ரும்பாக்கிலும் முறை வைத்துத்தான் வீடு தருகிறார்கள், இன்று இந்த வீடு, நாளை அடுத்தது. வருமானத்தில் ஒரு பங்கு ஊர்ப் பொது நிதிக்குப் போகிறது. வழிப்போக்கன் அதைச் சொல்லாமல் விட்டுவிட்டார். எனக்கு அதுதான் உயிர்நாடியாகத் தெரிகிறது.

கல்லும்முள்ளும்:
முறை வைப்பது நல்லது, மறுக்கவில்லை. ஆனால் பனிமுகடு, குடம் தூக்குகிறவளுக்கு முறை வைத்தால் என்ன மாறும்? அடுத்த வாரம் பக்கத்து வீட்டு மருமகள் தூக்குவாள்.

இன்னொன்று. இந்தப் பயணங்களை விற்பதே "ரோடு போகாத ஊர்" என்று சொல்லித்தான். நேபாளத்தில் காளி கண்டகிப் பள்ளத்தாக்கில் ஜோம்சோம், முக்திநாத் வரை ரோடு வந்தபோது அன்னபூர்ணா சுற்றுப் பாதை கெட்டுவிட்டது என்று நடைக்காரர்கள் புலம்பினார்கள். ரோட்டை விட்டு விலகி மாற்று நடைபாதைகளுக்கு அடையாளம் போட வேண்டியதாயிற்று. அதே ரோட்டில்தான் நம் ஆட்கள் 108 திவ்யதேசத்தில் ஒன்று என்று முக்திநாத்துக்கு ஜீப்பில் போய்ச் சேவித்துவிட்டு வருகிறார்கள். வயசானவர்களுக்கு வேறு வழி ஏது? ஊர் அப்படியே இருக்க வேண்டும் என்ற ஆசை யாருடையது, வழிப்போக்கன்?

தாழ்வாரம்:
இவ்வளவு நேரம் படிச்சிட்டுதான் இருந்தேன். நான் மலையில பொறந்து வளர்ந்தவ. எங்களுக்கு ரோடு வேணும். வலி கண்ட பொம்பளையை டோலி கட்டி நாலு பேர் தூக்கிட்டு இறங்குறதைக் கண்ணால பாத்தவங்க யாரும் ரோடு வேண்டாம்னு சொல்ல மாட்டாங்க. மழையில பாறை வழுக்கும், தூக்குறவங்க காலு நடுங்கும், அவ வாயில துணியை வச்சுக் கடிச்சுக்கிட்டு வருவா.

அதுக்காக வர்றவங்க வேண்டாம்னும் சொல்ல மாட்டேன். ரெண்டையும் போட்டுக் குழப்பாதீங்க. ரோடு வந்தா ஊர் கெட்டுப்போச்சுன்னு நினைக்கிறவங்க வர வேண்டாம், அவ்வளவுதான். குடம் தூக்குறதைப் பத்தி அண்ணன் சொன்னது நூத்துக்கு நூறு நிஜம். மொதல்ல குழாய் போடட்டும், அப்புறம் விருந்தாளி.

வழிப்போக்கன்:
தாழ்வாரம் அக்கா சொன்னதுக்கு எதிராக ஒரு சொல்லும் என்னிடம் இல்லை. ரோடு வரட்டும். ரோடு வந்த ஊரிலும் பத்து நாள் தங்கலாம், அதற்கு ஒரு தடையும் இல்லை.

ஆனால் கல்லும்முள்ளும் சொல்வதை முழுசாக ஏற்க முடியவில்லை. சுமை தூக்குகிறவர் பாடு விதி இருந்தால் மாறும். பெருவில் மாச்சு பிச்சுவுக்குப் போகும் இன்கா நடைபாதைச் சுமைக்காரருக்கு 20 கிலோதான் உச்சம் என்று சட்டமே இருக்கிறது. பாதைக்குள் ஒரு நாளைக்கு 500 பேருக்கு மேல் விடமாட்டார்கள், வழிகாட்டியும் சுமைக்காரரும் அந்தக் கணக்குக்குள்தான். சுமைக்கு வரம்பு கட்ட முடியுமானால் வீட்டுத் தண்ணீருக்கும் கட்டலாம். ஆளுக்கு இத்தனை வாளி, பணம் சமைத்தவர் கையில் என்று ஊர்க்குழு எழுதி வைக்கட்டும். எட்டுப் பேரிடம் அதைச் சொல்லிக் கேட்க வைக்கலாம். ஐம்பது பேர் இறங்கும் பஸ்ஸிடம் யார் சொல்வது? நான் சிறு குழு என்று அடித்துப் பேசுவது இதனால்தான்.

பனிமுகடு:
பூட்டான் வழியையும் பேசலாம். அங்கே ஆட்களைக் குறைக்கக் கட்டணத்தையே கருவியாக்கினார்கள். 2022 செப்டம்பரில் வெளிநாட்டவருக்கு ஓர் இரவுக்கு 200 டாலர், அடுத்த வருஷமே பாதியாக்கி 100. இந்தியருக்கு 1,200 ரூபாய். அந்தப் பணம் அரசுக்குப் போகிறது, அதிலிருந்து பள்ளிக்கும் மருத்துவத்துக்கும். ஆனால் அதனால் வருவது பணக்காரர் கூட்டம்தானே தவிர, நிதானமான கூட்டம் என்று சொல்ல முடியாது. எனக்கு ஊர்க்குழு வழிதான் பிடிக்கிறது.

கல்லும்முள்ளும்:
ஊர்க்குழு எழுதி வைக்கட்டும் என்றால் சரி, அதில் நானும் சேர்ந்துகொள்கிறேன். ஆனால் அந்தக் குழுவால் "இப்போது வராதே" என்று சொல்ல முடிய வேண்டும். இன்கா பாதையை வருஷா வருஷம் பிப்ரவரியில் மூடிவிடுகிறார்கள், பராமரிப்புக்கு. ஒரு கிராமம் தனக்காக அப்படிக் கதவைச் சாத்தினால் பயண நிறுவனம் பக்கத்துப் பள்ளத்தாக்குக்குப் போய்விடும் என்ற பயம்தான் ஊரின் வாயை அடைக்கிறது. தாழ்வாரம், உங்கள் ஊருக்கு இப்படி ஒரு குழு வந்து கேட்டால் என்ன சொல்வீர்கள்?

தாழ்வாரம்:
விதைப்பு நேரத்துலயும் அறுப்பு நேரத்துலயும் வேண்டாம்னு சொல்வேன். அப்போ வீட்டுல ஆளே இருக்காது, வர்றவங்க யாரோட பேசுவாங்க? மத்த நேரம் வரட்டும். பணத்தை ஊர் நடுவுல வச்சு எல்லார் முன்னாடியும் எண்ணிக் கொடுக்கணும், சமைச்சவங்க பங்கு தனியா. பக்கத்துப் பள்ளத்தாக்கு பத்தின பயம் எனக்கும் உண்டு. அதனாலதான் சுத்தி இருக்கிற ஊரெல்லாம் ஒண்ணாச் சேர்ந்து ஒரே விதி வைக்கணும். கிர்கிஸ்தான்ல பல ஊர் சேர்ந்து சங்கம் வச்சாங்கன்னு பனிமுகடு சொன்னாங்களே, அதை எப்படிச் செஞ்சாங்க, யாரு முன்ன நின்னாங்கன்னு விவரமா எழுதுங்களேன்.