தாலியை மூன்று வினாடி நிறுத்திப் பிடிக்க வேண்டுமா?

கும்பகோணத்தான்:
திருமணப் படம் எடுக்கும் லென்ஸ்காரன் அவர்கள் திருமண வீட்டாருக்கு நேற்று இங்கே வழங்கிய அறிவுரையைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. படம் எடுப்பவருடன் ஒரு மாதம் முன்பே அமர்ந்து பேசுங்கள் என்றது வரை சரி. ஆனால், கெட்டிமேளம் முழங்கும்போது மாப்பிள்ளை தாலியைப் பெண்ணின் கழுத்தருகே மூன்று வினாடி அசையாமல் பிடித்திருக்க வேண்டும் என்பதையும் அப்போதே பேசி முடித்துவிடச் சொல்கிறாரே, தாலி கட்டுவது முகூர்த்தத்துக்கா, ஆல்பத்துக்கா?

லென்ஸ்காரன்:
ஐயா, பத்திரிகையில் 'காலை 6.00 மணிக்கு மேல் 7.30 மணிக்குள்' என்று அச்சிடுகிறீர்கள். அந்த 90 நிமிடத்தில் என் மூன்று வினாடியால்தான் முகூர்த்தம் தவறிவிடுமா? 19 ஆண்டுகளாக மணவறைக்கு முன்னால் நிற்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: மேளம் ஒலித்ததும் அட்சதை பறக்கிறது, மாலை கழுத்தை மறைக்கிறது, மாப்பிள்ளை குனிந்துவிடுகிறார், நமக்குக் கிடைப்பது அவருடைய உச்சந்தலை மட்டுமே.

பவானிக்கரை:
மூன்று வினாடியை விட்டுவிட்டு, எந்தச் சடங்கை, யார் யாரை எடுக்க வேண்டும் என்ற பட்டியலைப் பற்றிப் பேசலாமே. என் திருமணத்துக்குப் படம் எடுக்க வந்த வெளியூர்க்காரருக்கு எங்கள் கொங்குச் சீர்கள் எதுவும் தெரியாது. மாப்பிள்ளைக்கும் அவர் சகோதரிக்கும் செய்யும் இணைச்சீர் நடந்தபோது படக்காரர் பந்தியில் காபி குடித்துக்கொண்டிருந்தார். ஆல்பத்தில் என் அம்மிச்சி (அம்மாவின் அம்மா) இருப்பது ஒரே படத்தில், அதிலும் அட்சதை தூவும் கை மட்டும்தான். முன்கையில் பச்சை குத்திய கோலத்தை வைத்து அது அவர் கை என்று அடையாளம் காண்கிறோம்.

லென்ஸ்காரன்:
சகோதரி, இணைச்சீர் எத்தனை மணிக்கு என்று அவருக்கு எழுதிக் கொடுத்தீர்களா? சடங்குகளின் வரிசையையும், குடும்பப் படத்தில் நிற்க வேண்டியவர்களின் பெயர்களையும் ஒரு தாளில் எழுதி, அவர்களைக் கையைப் பிடித்து மேடைக்கு அழைத்துவர ஒரு சித்தப்பாவையும் நியமித்திருந்தால் இந்தக் குறை வந்திருக்காது. முகத்தைப் பார்த்து அம்மிச்சி யார், அத்தை யார் என்று சொல்வதற்கு நாங்கள் சோதிடர்கள் அல்லர். அதே தாளில் மூன்று வினாடியையும் எழுதுங்கள் என்றுதான் சொன்னேன். மூன்று முடிச்சையும் மாப்பிள்ளை போட்டு முடிக்கும் வரை அவர் முகம் நிமிர்வதேயில்லை.

தாமிரபரணி:
மூன்று முடிச்சையும் மாப்பிள்ளையா? முதல் முடிச்சுதான் அவருடையது. மற்ற இரண்டும் நாத்தனார் போடுவது. 19 ஆண்டுகள் முன்னால் நின்றவருக்கு இது தெரியவில்லையென்றால், லென்ஸின் மூடியையாவது கழற்றினாரா என்பது ஐயமாக இருக்கிறது.

லென்ஸ்காரன்:
மூன்றையும் மாப்பிள்ளையே போடும் குடும்பங்களையும் நான் படமெடுத்திருக்கிறேன். உங்கள் தெருவோடு தமிழ்நாடு முடிந்துவிடவில்லை.

கும்பகோணத்தான்:
பேச்சை மாற்ற வேண்டாம். நிறுத்தாமல் எடுக்கத் தெரியவில்லையென்றால் அது உங்கள் குறை. தூரத்திலிருந்தே எடுக்க உதவும் 70-200 லென்ஸை மாட்டிக்கொண்டு கீழே நாற்காலிகளுக்கு நடுவில் நில்லுங்கள். என் மகள் திருமணத்தில் கேமராவுடன் இருவரும் விளக்குடன் ஒருவரும் மேடையை அடைத்துக்கொண்டதால், முன்வரிசையில் இருந்த எங்கள் பெரியப்பா அந்த மூன்று முதுகுகளின் மேல்தான் அட்சதை தூவினார்.

லென்ஸ்காரன்:
கீழிருந்து எடுத்தால், கைப்பேசியை உயர்த்தி நிற்கும் உங்கள் உறவினர்களின் கைகள்தாம் வெகு தெளிவாக விழும். அவர்களை அமரச் சொல்லும்படி மண்டபத்தில் ஒருவரிடமாவது முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தீர்களா? பிறகு, 'தாலி கட்டும் படத்தில் பெண்ணின் முகமே தெரியவில்லையே' என்று பாக்கிப் பணத்தைப் பிடித்துக்கொள்வது மட்டும் தவறாமல் நடக்கும்.

கும்பகோணத்தான்:
பாக்கியா? முழுப் பணத்தையும் கொடுத்தேன். 12×36 அங்குல ஆல்பம் பதினான்கு மாதம் கழித்து வந்தது. அதைப் பேரனை மடியில் வைத்துக்கொண்டுதான் புரட்டினோம்.

லென்ஸ்காரன்:
அது நான் எடுத்த திருமணம் அல்லவே. அதை எடுத்தவர் மூன்று வினாடி கேட்டாரா, இல்லையா என்பதை மட்டும் சொல்லுங்கள்.

கும்பகோணத்தான்:
கேட்டார். ஐந்து வினாடி எடுத்துக்கொண்டார். அந்தப் படத்தில் மருமகன் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறார்.

லென்ஸ்காரன்:
கண்ணை மூடியது மருமகன், குற்றம் எங்களுடையதா?

பவானிக்கரை:
சித்தப்பாவை நியமிக்கச் சொன்னீர்களே, எங்கள் சித்தப்பாவும் அப்போது அதே பந்தியில்தான் இருந்தார்.