ஸ்டாண்டர்டு லென்ஸுக்குத் தமிழில் என்ன சொல்? ‘இயல்கோண வில்லை’ குறித்த விவாதம்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

பழைய படச்சுருள் எஸ்.எல்.ஆர். கேமரா (படமெடுக்கும் லென்ஸ் வழியாகவே காட்சியைப் பார்க்கும் வகை) வாங்குவோருக்கு ஒரு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். கேமராவுக்கு முதல் லென்ஸாக எதை வாங்குவது என்ற இயலில் எழுத்து நின்றுவிட்டது. ஸ்டாண்டர்டு லென்ஸ் என்றும் நார்மல் லென்ஸ் என்றும் வழங்குகிறோமே, அதற்கு ஒரு தமிழ்ச்சொல் வேண்டும். ஒரு பக்கம் அகலக்கோண வில்லை இருக்கிறது, மறுபக்கம் தொலைவில்லை (டெலி லென்ஸ்) இருக்கிறது. நடுவில் இருப்பதற்குத்தான் பெயர் இல்லை. திட்ட வில்லை, நியம வில்லை, செந்தர வில்லை, சாதாரண வில்லை, ஐம்பது மி.மீ. வில்லை என ஐந்தைக் குறித்து வைத்திருக்கிறேன். எதை எடுக்கலாம்?

* * *

வணக்கம் அம்மா.

ஐந்தையும் விட்டுவிடலாம் என்பது என் கருத்து. ‘இயல்கோண வில்லை’ என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏன் என்று சொல்கிறேன்.

உங்கள் பட்டியலின் முதல் மூன்றும் ‘ஸ்டாண்டர்டு’ என்ற சொல்லை மட்டும் பார்த்துச் செய்தவை. பொருளைப் பார்த்துச் செய்தவை அல்ல. தமிழகப் பாடநூல்களில் திட்ட விலக்கம், இலங்கைப் பாடநூல்களில் நியம விலகல் என்று படித்து வளர்ந்தவர்கள் நாம். புள்ளியியலில் இரண்டும் நன்றாகவே நிற்கின்றன. வில்லைக்கு முன்னால் வைத்தால் நிற்கவில்லை. திட்ட வில்லை என்றதும் ஏதோ ஒரு திட்டத்தின்கீழ் கொடுத்த வில்லை போலிருக்கிறது. செந்தர வில்லை என்றால் தரச்சான்று பெற்றது என்றாகும். அப்போது 28 மி.மீ., 135 மி.மீ. வில்லைகளெல்லாம் சான்று பெறாதவையா? சாதாரண வில்லை என்பதை நான் அடியோடு மறுக்கிறேன். படிப்பவர் அதை மட்டமானது என்று ஒதுக்கிவிடுவார். உண்மையில் பழைய கேமரா வரிசைகளில் கொடுத்த காசுக்கு அதிகக் கூர்மையும் அதிக வெளிச்சமும் தருவது பெரும்பாலும் இந்த வில்லைதான்.

ஐம்பது மி.மீ. வில்லை என்பதைத்தான் பலரும் ஆதரிப்பார்கள். பேச்சில் எல்லாரும் ‘ஐம்பது’ என்றே சொல்கிறோம். ஆனால் கலைச்சொல்லாக அது செல்லாது. வில்லை வாங்கும்போது வரும் குழப்பமும் இதே இடத்தில்தான் தொடங்குகிறது என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

35 மி.மீ. படச்சுருளில் ஒரு படச்சட்டம் 24 மி.மீ. உயரமும் 36 மி.மீ. அகலமும் கொண்டது. அதன் மூலைவிட்டம் 43.3 மி.மீ. ஒரு வில்லையின் குவியத் தூரம் (வில்லையில் பொறித்திருக்கும் மி.மீ. எண்) மூலைவிட்டத்துக்கு ஏறக்குறைய சமமாக இருந்தால் அது இந்த வகை. கணக்குப்படி பார்த்தால் 43 மி.மீ.தான் நடுப்புள்ளி. 50 எங்கிருந்து வந்தது? 1925-இல் விற்பனைக்கு வந்த லைக்கா 50 மி.மீ. வில்லையைக் கொண்டிருந்தது. பின்னால் வந்தவர்கள் அந்த எண்ணை ஒட்டியே நடந்தார்கள். ஆகவே 50 என்பது ஒரு மரபு, இலக்கணம் அல்ல.

எஸ்.எல்.ஆர். வந்ததும் அந்த மரபும் ஆட்டம் கண்டது. வில்லைக்கும் படச்சுருளுக்கும் நடுவில், காட்சியைப் பார்வைச் சாளரத்துக்கு (வியூஃபைண்டர்) திருப்பும் ஓர் ஆடி மேலும் கீழும் அசைய வேண்டும். அதனால் வில்லையின் கடைசிக் கண்ணாடி படச்சுருளிலிருந்து தள்ளி நிற்க வேண்டும். அந்த ஆடி இல்லாத லைக்கா எம் உடலில் வில்லை பொருந்தும் முகத்துக்கும் படச்சுருளுக்கும் இடையே 27.8 மி.மீ. போதும், நிக்கான் எஃப் உடலில் அது 46.5 மி.மீ., வில்லையைத் திருகி மாட்டும் எம்42 வகையில் 45.46 மி.மீ. வெளிச்சம் மிகுந்த ஒரு வில்லையை 50 மி.மீ. குவியத் தூரத்தில் செய்து, ஆடி இடிக்காமல் பின்னே இடம் விடுவது அன்றைக்குக் கடினம். குவியத் தூரத்தைக் கொஞ்சம் கூட்டினால் அந்த இடம் தானாகக் கிடைத்துவிடும். அதனால்தான் ஜெனா நகரத்து ஜெய்ஸின் பயோட்டார் 58/2 (முதல் எண் குவியத் தூரம், அடுத்தது எஃப் எண்; எஃப் எண் சிறிதானால் துளை பெரிது, வெளிச்சம் அதிகம்), அதன் வழிவந்த ஜெனித் கேமராக்களின் ஹீலியோஸ்-44, பென்டாக்ஸின் தாக்குமார் 55/1.8, மினோல்ட்டாவின் 58/1.4 என்று 55-லும் 58-லும் இத்தனை வில்லைகள். 1959-இல் வந்த நிக்கான் எஃப் கேமராவுக்கும் தொடக்கத்தில் எஃப்/1.4 வேண்டுமென்றால் 58 மி.மீ.தான், 50 மி.மீ.-இல் எஃப்/1.4 சில ஆண்டுகள் கழித்தே வந்தது. மறுபக்கம் பென்டாக்ஸ் 40/2.8, கொனிக்கா 40/1.8, நிக்கானின் 45/2.8 ஆகியவை இருக்கின்றன. இவை எல்லாமே நாம் பெயர் தேடும் வகையைச் சேர்ந்தவை. ‘ஐம்பது மி.மீ. வில்லை’ என்று எழுதினால் உங்கள் கையேட்டைப் படிப்பவர் ஒரு நல்ல ஹீலியோஸைக் கையில் வைத்துக்கொண்டே, தன்னிடம் அந்த வில்லை இல்லை என்று நினைப்பார்.

படச்சட்டம் மாறினாலோ எண் முழுக்கவே மாறிவிடும். 6×6 செ.மீ. கேமராவில் இதே வேலையைச் செய்வது 80 மி.மீ. வில்லை. நான்குக்கு ஐந்து அங்குலத் தகட்டுக் கேமராவில் 150 மி.மீ.

ஆக, எண் மாறுகிறது, கேமரா மாறுகிறது. மாறாமல் இருப்பது பார்வைக் கோணம். மூலைவிட்டத்துக்குச் சமமான குவியத் தூரம் எந்தப் படச்சட்டத்திலும் 53 பாகைக் கோணத்தைத் தரும். 24×36 படச்சட்டத்தில் 40 மி.மீ. வில்லைக்கு 57 பாகை, 50-க்கு 47, 58-க்கு 41. இந்த எல்லைக்குள் வருவதைத்தான் நார்மல் என்று சொல்லிவருகிறோம். பெயரும் கோணத்திலிருந்தே பிறக்கட்டும். அகலக்கோண வில்லை என்று ஏற்கெனவே வழக்கில் இருப்பதால் இயல்கோண வில்லை அதன் பக்கத்தில் இயல்பாக உட்காரும். இயல்நிலைப் பரவல் என்ற சொல்லைப் பள்ளியில் படித்தவர்களுக்கு ‘இயல்’ என்ற முன்னொட்டும் புதிதல்ல.

சிலருக்கு ‘நேர்கோண வில்லை’ என்றோ ‘குறுங்கோண வில்லை’ என்றோ தோன்றலாம். கூடாது. வடிவியலில் நேர்கோணம் 180 பாகை, குறுங்கோணம் 90-க்குக் குறைந்த எல்லாமும். இருக்கும் சொல்லை இன்னொரு பொருளில் இழுத்து வந்தால் இரண்டு துறைக்காரர்களும் அவதிப்படுவார்கள்.

இன்னொரு சொல்லும் உங்களுக்குத் தேவைப்படும். நிறுவனம் கேமராவோடு சேர்த்தே விற்ற வில்லையையும் ஸ்டாண்டர்டு என்கிறோம். அதை ‘உடன்வில்லை’ எனலாம். பழைய எஸ்.எல்.ஆர். காலத்தில் உடன்வில்லை பெரும்பாலும் இயல்கோண வில்லையாகவே இருந்ததால் இரண்டும் ஒன்று என்ற எண்ணம் வந்துவிட்டது. பிற்காலத்தில் 35-70 மாறுகுவிய (ஜூம்) வில்லைகள் உடன்வில்லைகளாக வரத் தொடங்கியதும் இந்தக் கணக்கு குலைந்தது. இரண்டு பொருளுக்கு இரண்டு சொல் இருந்தால் கையேட்டில் ஒரு பத்தி விளக்கம் மிச்சமாகும்.

வில்லை என்ற சொல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. கேமராவில் மாட்டுவதும் வில்லை, அதனுள்ளே இருக்கும் ஆறு கண்ணாடிகளில் ஒவ்வொன்றும் வில்லை என்றால் ‘ஆறு வில்லைகள் கொண்ட வில்லை’ என்று எழுத வேண்டிவரும். ஜெர்மானியர்கள் இரண்டுக்கும் வெவ்வேறு சொல் வைத்திருக்கிறார்கள். நாம் மாட்டுவதை வில்லை என்றும், உள்ளே இருப்பதை வில்லைக்கூறு என்றும் சொல்லலாம்.

* * *

ஐயா, வணக்கம். உங்கள் விளக்கம் நன்று. ஆனாலும் இரண்டு இடத்தில் எனக்கு இடிக்கிறது.

ஒன்று: இயல்கோணம் என்றால் யாருக்கு இயல்பு? இரு கண்ணாலும் நாம் பார்ப்பது ஏறக்குறைய 180 பாகை. 47 பாகை அதில் நான்கில் ஒரு பங்கு. ‘கண் பார்ப்பது போலவே காட்டும் வில்லை’ என்று பல கையேடுகளில் எழுதி வைத்திருக்கிறார்கள். இந்தச் சொல் அந்தத் தவறான எண்ணத்தைத் தமிழிலும் நிலைநிறுத்திவிடாதா?

இரண்டு: கேட்டவருக்கு வேண்டியது வில்லை தேர்வதற்கு உதவும் சொல். கடையில் நிற்பவர் கையில் இருக்கும் வில்லையில் எண்தான் பொறித்திருக்கிறது, கோணம் பொறித்திருக்கவில்லை. ‘ஐம்பது’ என்ற பேச்சு வழக்கே போதுமே.

* * *

முதல் கேள்வி இந்த விவாதத்துக்கே அடிப்படையானது. கேட்டதற்கு நன்றி.

கண்ணின் பார்வைப் பரப்போடு ஒப்பிட்டால் நீங்கள் சொல்வது முற்றிலும் சரி. ‘இயல்’ என்று நான் சொல்வது கண் எவ்வளவு பார்க்கிறது என்பதை வைத்து அல்ல. படத்தை நாம் எங்கிருந்து பார்க்கிறோம் என்பதை வைத்து. ஒரு படத்தில் பொருள்களின் தூரமும் பருமனும் எடுத்த இடத்தில் நின்று பார்த்ததைப் போலவே தோன்ற வேண்டுமானால், அதைப் பார்க்க வேண்டிய தூரம் குவியத் தூரத்தைப் படம் பெரிதாக்கிய மடங்கால் பெருக்கியதற்குச் சமம். 50 மி.மீ. வில்லையில் எடுத்ததை 8 மடங்கு பெரிதாக்கினால் படம் 19×29 செ.மீ. வரும்; பார்க்க வேண்டிய தூரம் 40 செ.மீ. கையில் பிடித்துப் பார்க்கும்போது நாம் வைத்துக்கொள்ளும் தூரமும் ஏறக்குறைய அதுவே. 24 மி.மீ. வில்லைப் படமென்றால் அதே அளவுத் தாளை 19 செ.மீ.-க்கு நெருக்கிப் பிடிக்க வேண்டும், 135 மி.மீ. என்றால் ஒரு மீட்டருக்கு மேல் தள்ளிப் போக வேண்டும். யாரும் அப்படிப் பார்ப்பதில்லை. அதனால்தான் ஒன்றில் மூக்கு பெரிதாகவும் மற்றதில் மலைகள் ஒன்றோடொன்று ஒட்டியும் தெரிகின்றன. ஒரு படத்தை அதன் மூலைவிட்ட அளவுத் தூரத்திலிருந்து பார்ப்பது மனித வழக்கம். குவியத் தூரம் படச்சட்டத்தின் மூலைவிட்டத்தை ஒட்டி இருக்கும்போது அந்த வழக்கமும் வில்லையும் ஒத்துப்போகின்றன. இயல்பு அங்கேதான் இருக்கிறது. கையேட்டில் ‘கண்ணைப் போல’ என்ற தொடரை அறவே தவிர்த்துவிட்டு இந்த விளக்கத்தைக் கொடுக்கலாம்.

இரண்டாவதுக்கு வருகிறேன். எண்ணை மட்டும் பார்ப்பவர் 50-ஐத் தேடிப் போவார். இயல்கோணம் ஒரு வரம்பு என்று புரிந்தவர் 40 முதல் 58 வரை எதையும் கையிலெடுத்து, தன் கேமராவுக்கு எது நல்லது என்று பார்ப்பார். தேர்வு அங்கேதான் தொடங்குகிறது. பழைய எஸ்.எல்.ஆர்.களில் பார்வைச் சாளரத்தின் உருப்பெருக்கம் 50 மி.மீ. வில்லையை வைத்துச் சொல்லப்படும். பென்டாக்ஸ் ஸ்பாட்மேட்டிக்கில் அது 0.88, ஒலிம்பஸ் ஓஎம்-1 கேமராவில் 0.92. ஸ்பாட்மேட்டிக்கில் 58 மி.மீ. மாட்டினால் உருப்பெருக்கம் 1-ஐத் தாண்டிவிடும். இரண்டு கண்ணையும் திறந்து வைத்துக்கொண்டால் சாளரத்துக்குள் தெரிவதும் வெளியே தெரிவதும் ஒரே பருமனாக ஒன்றன்மேல் ஒன்று படியும். மனித முகங்களை அதிகம் எடுப்பவருக்கு இது பெரிய வசதி. சிறிய அறைகளுக்குள் எடுப்பவர் 40-க்கோ 45-க்கோ போகட்டும்.

எஃப்/1.4-ஆ எஃப்/1.8-ஆ என்ற கேள்விக்கு என் விடை எப்போதும் ஒன்றுதான்: முதல் வில்லைக்கு 1.8. இரண்டுக்கும் உள்ள ஒளி வேறுபாடு முக்கால் படிக்கும் (ஒரு படி என்றால் ஒளி இரு மடங்கு) கொஞ்சம் குறைவு. அதற்காகக் கூடுதல் எடையும் விலையும் சுமக்க வேண்டியதில்லை. ஆனால் எஃப்/3.5, எஃப்/4 மாறுகுவிய வில்லைக்குப் போய்விட வேண்டாம் என்று கையேட்டில் அழுத்தமாக எழுதுங்கள். இந்தக் கேமராக்களில் குவியத்தைக் கையால்தான் சரிசெய்கிறோம். சாளரத்தில் வரும் வெளிச்சம் முழுவதும் வில்லையின் பெரிய துளை வழியேதான் வருகிறது. துளை சிறிதானால் திரை மங்கும், குவியம் சரிபார்க்க நடுவில் இருக்கும் பிளவுப்பட்டகத்தில் ஒரு பாதி இருண்டுவிடலாம், குவியம் தப்பும்.

பழைய வில்லையைக் கையில் எடுத்தால் பின்பக்கத்திலிருந்து ஒரு விளக்கொளியைப் பாய்ச்சிப் பார்க்கச் சொல்லுங்கள். சிலந்தி நூல் போலப் படர்ந்திருந்தால் பூஞ்சை. துளை இதழ்களில் எண்ணெய் கசிந்திருந்தால் அவை மெதுவாக மூடும், படம் வெளுத்துப்போகும். ஏழு கூறுகள் கொண்ட தாக்குமார் 50/1.4 போன்றவற்றில் தோரியம் கலந்த கண்ணாடி உண்டு. ஆண்டுகள் போகப்போக அது மஞ்சளாகும். புற ஊதா ஒளியில் சில நாட்கள் வைத்தால் மஞ்சள் பெரும்பாலும் குறையும் என்பதால் அதை மட்டும் காரணமாக்கி ஒரு நல்ல வில்லையைத் தள்ள வேண்டாம். பூஞ்சை அப்படியல்ல, கண்ணாடிமேல் இருக்கும் மேற்பூச்சை அரித்துவிட்டால் தடம் போகாது.

பேச்சில் ‘ஐம்பது’ என்று சொல்வதை யாரும் தடுக்க வேண்டியதில்லை. எழுத்தில் வகையின் பெயராக வருமிடத்தில் மட்டும் இயல்கோண வில்லை வரட்டும்.

* * *

இருவருக்கும் நன்றி ஐயா. இயல்கோண வில்லை, உடன்வில்லை, வில்லைக்கூறு மூன்றையும் எடுத்துக்கொள்கிறேன். சொல்லடைவில் இப்படி எழுதியிருக்கிறேன். திருத்தம் இருந்தால் சொல்லுங்கள்.

இயல்கோண வில்லை: குவியத் தூரம் படச்சட்டத்தின் மூலைவிட்டத்தை ஒட்டி அமைந்த வில்லை. 24×36 மி.மீ. படச்சட்டத்தில் 40 முதல் 58 மி.மீ. வரை. பேச்சு வழக்கில் ஸ்டாண்டர்டு லென்ஸ், நார்மல் லென்ஸ், ஐம்பது.

உடன்வில்லை: கேமராவோடு சேர்த்து விற்கப்பட்ட வில்லை, எந்தக் கோணத்தினதாகவும் இருக்கலாம்.

* * *

முதல் பதிவில் மட்டும் ஒரு திருத்தம் அம்மா. ‘40 முதல் 58 வரை’ என்பதற்கு முன்னால் ‘பொதுவாக’ என்று சேர்த்துவிடுங்கள். 35 மி.மீ. வில்லையை இயல்கோணத்தில் சேர்ப்பவர்களும் இருக்கிறார்கள். 63 பாகையை நான் அகலக்கோணம் என்றே கொள்வேன் என்றாலும், அந்த எல்லை ஒரு கோடு போட்டது போல நிற்பதில்லை.