பித்தப்பைக் கல் என்று போனோம், ரிப்போர்ட்டில் சிறுசெல் புற்றுநோய்

மருமகள், திருச்சி:

என் மாமியாருக்கு 62 வயது. வலது விலாவுக்குக் கீழே வலி, எண்ணெய்ப் பண்டம் சாப்பிட்டால் குமட்டல். ஸ்கேனில் கல் தெரிந்தது, பித்தப்பைச் சுவரும் ஓரிடத்தில் தடித்திருந்தது. லேப்ராஸ்கோபியில் எடுத்தார்கள். கல்லை டப்பாவில் போட்டு எங்களிடம் கொடுத்துவிட்டு, பையை பயாப்ஸிக்கு அனுப்பினார்கள்.

புற்றுநோய் என்று வந்தது. எந்த வகை என்று உறுதிசெய்ய இம்யூனோ சோதனை (செல்லில் உள்ள குறிப்பிட்ட புரதங்களைச் சாயம் ஏற்றிக் கண்டுபிடிப்பது) தேவை என்று கடைசி வரியில் இருந்தது. "எந்த வகையா இருந்தா என்ன, கீமோ கீமோதானே" என்றார் சொந்தக்காரர் ஒருவர். எனக்கு அந்த வரியை விட்டுவிட மனமில்லை. திசுவைப் பதித்து வைத்திருக்கும் மெழுகு பிளாக்கையும், அதிலிருந்து சீவி எடுத்த ஸ்லைடுகளையும் எழுதிக் கொடுத்து வாங்கிக்கொண்டு வேலூர் சி.எம்.சி.க்குப் போனோம். பீகார், வங்காளத்திலிருந்து வந்த குடும்பங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தன. கங்கைச் சமவெளியில் பித்தப்பைப் புற்று அதிகம், நம் பக்கம் குறைவு.

இம்யூனோ சோதனையில் சினாப்டோபைசின், குரோமோகிரானின் என்ற இரண்டு புரதங்களும் பாசிட்டிவ். எத்தனை செல்கள் பெருகிக்கொண்டிருக்கின்றன என்று காட்டும் கேஐ-67, 80 சதவீதத்துக்கு மேல். அதாவது வேகமாகப் பெருகும் நியூரோஎண்டோகிரைன் (ஹார்மோன் சுரக்கும் செல்களைப் போன்ற) வகை, அதிலும் சிறுசெல். பித்தப்பைப் புற்றில் பத்துக்கு ஒன்பது அடினோகார்சினோமாதான், சுரப்பிச் செல்லிலிருந்து வரும் வகை. அதற்கு ஜெம்சைட்டபினும் சிஸ்பிளாட்டினும் கொடுப்பார்கள். அத்தைக்கு அது இல்லை. நுரையீரல் சிறுசெல் புற்றுக்குக் கொடுக்கிற எட்டோபோசைடு, மூன்று நாள் தொடர்ந்து. முதல் நாளில் கார்போபிளாட்டின். சிறுநீரக வேலையைக் காட்டும் கிரியாட்டினின் கொஞ்சம் கூட இருந்ததால் சிஸ்பிளாட்டினைத் தவிர்த்தார்கள். 21 நாளுக்கு ஒரு சுற்று. பெட் ஸ்கேனில் கல்லீரலில் தெரிந்த புள்ளி இப்போது சுருங்கியிருக்கிறது. சீக்கிரம் திரும்பி வரக்கூடிய வகை என்பதையும் டாக்டர் மறைக்காமல் சொல்லிவிட்டார்.

லேப் டெக்னீஷியன், மதுரை:

அக்கா, அந்த பிளாக் நன்றாக இருந்ததால்தான் இவ்வளவும் தெரிந்தது. சில இடங்களிலிருந்து பித்தப்பை, திசுவைக் கெடாமல் வைக்கும் ஃபார்மலின் இல்லாமல், வெறும் சலைன் உப்பு நீரில் மிதந்தபடி வரும். திசு அழுகத் தொடங்கிவிட்டால் சாயம் சரியாக ஏறாது, வகை பிரிக்கவே முடியாது. பையைக் கல்லோடு சேர்த்து வீட்டுக்குக் கொடுத்துவிடுகிறவர்களும் உண்டு, கோபம்தான் வருகிறது. இன்னொன்று, சில நேரம் ஒரே கட்டியில் ஒரு பக்கம் அடினோ, இன்னொரு பக்கம் ஸ்குவாமஸ் (தட்டைச் செல் வகை) இருக்கும். ஒரு துண்டு மட்டும் வெட்டிப் பார்த்தால் மற்றது தப்பிவிடும்.

மகன், சேலம்:

எங்கள் அப்பாவுக்கு நேர்மாறு. சி.டி.யில் பித்தப்பையில் கல்லீரலோடு ஒட்டிய கட்டி, புற்றுநோயாகத்தான் இருக்கும் என்றார்கள். முதலில் ஊசியால் திசு எடுத்து ஏன் பார்க்கவில்லை என்று கேட்டேன். "முழுசா எடுக்க முடியுற கட்டியை ஊசியால குத்தினா செல் வயித்துக்குள்ள சிந்தலாம்" என்றார் சர்ஜன். கல்லீரலின் ஓரத்தோடு சேர்த்து எடுத்தார்கள். ரிப்போர்ட்டில் சாந்தோகிரானுலோமேட்டஸ் அழற்சி (புற்றைப் போலவே தோன்றும் நாள்பட்ட அழற்சி), புற்றுநோய் இல்லை.

அக்கா, பிளாக் வாங்க என்னென்ன காகிதம் கேட்டார்கள்? எங்கள் சித்திக்கு இப்போது தேவைப்படுகிறது.

மருமகள், திருச்சி:

தம்பி, நோயாளி கையெழுத்திட்ட கடிதம், டிஸ்சார்ஜ் சம்மரி, பயாப்ஸி நம்பர். எங்களிடம் அவ்வளவுதான் கேட்டார்கள். பிளாக்கை வெயிலில் காரில் வைத்துவிடாதீர்கள், மெழுகு உருகிவிடும்.