கரையேறிய பிறகு கண்ணில் பட்டவை

பெசன்ட் நகர், சென்னை. சரக்குக் கப்பல் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர், வயது 72

2024 பிப்ரவரியில் ஒரு ராத்திரி நடந்ததை எழுதுகிறேன். படிக்கிறவர்கள், கடலை விட்டுக் கரையேறிய பிறகு உங்கள் கண்ணில் பட்டதையும் எழுதுங்கள்.

ஆமை நடைக்காக நீலாங்கரையில் கூடியிருந்தோம். மணி பதினொன்றரை. இருபது, இருபத்தைந்து பேரில் நான்தான் மூத்தவன், மற்றதெல்லாம் கல்லூரிப் பிள்ளைகள். 1988-லிருந்து மாணவர்களே முன்னின்று நடத்திவரும் வேலை இது. ஜனவரி தொடங்கி மார்ச் வரை ராத்திரிதோறும் பெசன்ட் நகர் பக்கமாகக் கரையோரம் நடப்பார்கள். பங்குனி ஆமை முட்டையிட்ட குழியைத் தேடி, முட்டைகளை எடுத்துவந்து, வேலி போட்ட பொரிப்பகத்தில் அதே ஆழத்துக்குக் குழி தோண்டிப் புதைத்துக் காவல் காப்பார்கள். நாய், காக்கை, மனிதன் என்று எல்லாரிடமிருந்தும் காக்க வேண்டியிருக்கிறது.

பிள்ளைகள் ஆமைத் தடத்தைத் தேடி மணலைப் பார்த்தபடி நடந்தார்கள். என் கண் மேலேதான் போனது. கப்பலில் எனக்குப் பல வருடம் நாலு–எட்டு வாட்ச், அதாவது காலையிலும் மாலையிலும் நாலு மணியிலிருந்து எட்டு மணி வரை காவல் முறை. விடிகாலையிலும் அந்தியிலும், நட்சத்திரமும் தெரிந்து அடிவானமும் தெரிகிற அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் செக்ஸ்டன்டை எடுத்து ஐந்தாறு நட்சத்திரங்களின் உயரத்தை அளந்துவிட வேண்டும். அப்புறம்தான் கப்பல் எங்கே நிற்கிறது என்று வரைபடத்தில் புள்ளி வைக்க முடியும். ஜி.பி.எஸ். வந்த பிறகு அந்த வேலை குறைந்துவிட்டது. பழகிய கண் மட்டும் இன்னும் அந்த நேரத்துக்குத் தானாக மேலே போகிறது.

நீலாங்கரை வீடுகளுக்கு மேலே, தெற்கே சற்று மேற்காக ஒரு வெள்ளை நட்சத்திரம் இறங்கிக்கொண்டிருந்தது. கீழே அத்தனை தெருவிளக்கு எரிந்தும் தெரிந்தது. அகத்தியர். வானத்தில் சிரியஸுக்கு அடுத்தபடி பிரகாசமானது அதுதான். நல்லநம்பிக்கை முனையைச் சுற்றிப் போனபோதெல்லாம் ஏறக்குறைய தலைக்கு மேலேயே பார்த்த நட்சத்திரம், இங்கே ஒரு மாடி வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றது. எனக்கு நடக்கத் தோன்றவில்லை. பக்கத்தில் வந்த பையன், "ஐயா, கால் வலிக்குதா?" என்று கேட்டான். அவனுக்கும் காட்டினேன். வானத்தில் ஒரு நட்சத்திரத்தைப் பேர் சொல்லிப் பார்ப்பது அவனுக்கு அதுதான் முதல் தடவையாம்.

அதற்குப் பிறகு அரைமணி நேரத்தில் ஆமை வந்தது.

அலை பின்வாங்கிய இடத்தில் ஒரு பாறை கிடந்த மாதிரி இருந்தது, பாறை நகர்ந்தது. எல்லாரையும் உட்காரச் சொன்னார்கள். டார்ச் கூடாது, பேச்சு கூடாது. இரண்டரை அடி நீளம் இருக்கும். ஒரு துடுப்பு, ஒரு மூச்சு, மறுபடி ஒரு துடுப்பு என்று மேடேறி வந்தது. பின்துடுப்புகளை மாற்றி மாற்றிப் போட்டுக் குழி தோண்டியதைப் பத்தடி தூரத்திலிருந்து பார்த்தேன். கிண்ணம் மாதிரி வளைத்து மணலை அள்ளி, ஓரமாகச் சாய்த்துக் கொட்டிவிட்டு, அடுத்த துடுப்பை உள்ளே விடுகிறது. கண்ணால் பார்க்காமலே செய்கிற வேலை, ஒரு பிசகும் இல்லை. முட்டை போட்டு மூடிய பிறகு உடம்பை இரண்டு பக்கமும் ஆட்டி ஆட்டி மணலை அடித்து இறுக்கியது. தொம் தொம் என்ற அந்தச் சத்தம் உட்கார்ந்திருந்த எங்கள் தொடை வரைக்கும் வந்தது. அது கடலுக்குத் திரும்பிய பிறகு முட்டைகளை எண்ணினோம். 118.

இந்த ஆமைகளை நான் அதற்கு முன்னாலும் பார்த்திருக்கிறேன். எண்பதுகளில் இரும்புத்தாது ஏற்றப் பாரதீப் துறைமுகத்துக்குப் போகும்போது, ஒடிசாக் கரை நெருங்க நெருங்க கடலில் மிதக்கும். ஒரு விடிகாலையில் நூறு வரை எண்ணிவிட்டு விட்டுவிட்டேன். ஒன்றின் முதுகில் ஆலா என்கிற கடற்பறவை ஒன்று உட்கார்ந்து சவாரி வந்தது. கஹிர்மாதா கரையில் அவை ஆயிரக்கணக்கில் ஏறி முட்டையிடும் என்பதெல்லாம் அன்று எனக்குத் தெரியாது. வாட்சை ஒப்படைத்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டேன். கப்பலிலிருந்து பார்த்த முதுகுக்கு ஒரு கரை இருக்கிறது என்று தெரிந்துகொள்ள எனக்கு நாற்பது வருடம் ஆகியிருக்கிறது.

அடுத்த வருடம் 2025 ஜனவரியில் இதே கரையில் ஆமைகள் நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கின. மூச்சு விட மேலே வரவேண்டிய பிராணி, இழுவலையில் மாட்டினால் மூழ்கித்தான் சாகும். கண்கள் பிதுங்கிக் கிடந்தவற்றைக் காலை நடையில் தாண்டித் தாண்டிப் போனேன். அந்த மாதம் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. வலையில் ஆமை தப்பிக்க வழி வைக்கும் பொறி இருக்கிறது, அதைப் பொருத்தினால் போதும். இதைப் பார்க்கிற எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன், இங்கேயும் சொல்கிறேன்.

சிங்கப்பூர், அங் மோ கியோ. ஓய்வுபெற்ற தமிழாசிரியை

நான் கப்பலில் வேலை பார்த்தவள் இல்லை. ஒரே ஒரு தடவை பயணம் போனவள். ஆனால் அந்த ஒரு வாரம் என்னை விட்டுப் போகவே இல்லை, அதனால் எழுதுகிறேன்.

1967-இல், ஒன்பது வயதில், அம்மாவோடு நாகப்பட்டினத்தில் 'ரஜூலா' ஏறினேன். 1926-இல் கட்டிய கப்பல் அது. எத்தனை குடும்பங்களை மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் கொண்டுவந்து சேர்த்தது என்று எங்கள் ஊர்ப் பெரியவர்களைக் கேட்டால் தெரியும். நாகையில் கப்பல் கரையோரம் வராது, தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். படகில் போய் ஏற வேண்டும். அலையில் படகு ஏறி இறங்க, மேலே ஏறும் ஏணி ஒரு நேரம் கைக்கு எட்டும், ஒரு நேரம் எட்டாது. அம்மா என் இடுப்பில் தன் முந்தானையைக் கட்டியிருந்தார்.

டெக் பயணம்தான். பாய் விரித்து, பெட்டியைச் சுவராக வைத்து ஒரு வீடு. அம்மா மூன்று நாள் தலை தூக்கவில்லை. நான் கம்பிகளுக்கு இடையில் முகத்தை வைத்துக்கொண்டு தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தேன். திடீரென்று வெள்ளிக் காசை அள்ளி வீசினது போல ஒரு கூட்டம் தண்ணீரிலிருந்து கிளம்பிப் பறந்து, அடுத்த அலைக்குள் போய் விழுந்தது. பக்கத்தில் நின்ற நாகூர்க்காரர் ஒருவர், "கோலா மீன் பாப்பா, கோலா" என்றார். அதுவரை கோலாவை நான் குழம்பில்தான் பார்த்திருந்தேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கல்யாணமாகி இந்த வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுக்கு வந்தபோது, பக்கத்தில் ஓடிய காலாங் ஆறு வெறும் சிமெண்ட் வாய்க்கால். பிள்ளைகளை அந்தப் பக்கம் விடவே மாட்டேன். சிமெண்டை உடைத்து, கல்லும் புல்லும் செடியுமாக வளைந்தோடும் ஆறாக மாற்றி 2012-இல் பீஷான் – அங் மோ கியோ பூங்காவைத் திறந்தார்கள். பேரனைப் பள்ளிப் பேருந்தில் ஏற்றிவிட்டு அங்கேதான் நடப்பேன்.

ஒரு காலை, மழை விட்டிருந்த நேரம். படியில் உட்கார்ந்திருந்தேன். தண்ணீரில் ஒரு கோடு என் பக்கம் வந்தது, பின்னாலேயே இன்னும் நான்கு கோடுகள். நீர்நாய்க் குடும்பம். பெரியது ஒரு மீனோடு என்னிடமிருந்து மூன்று எட்டில் கரையேறி, முன்னங்கால் இரண்டாலும் மீனைப் பிடித்துக்கொண்டு தலையிலிருந்து தின்றது. முறுக்கு கடிப்பது போல நொறுக் நொறுக்கென்று சத்தம். மீசையில் தண்ணீர் சொட்டியது. குட்டிகள் கீச்சுக் கீச்சென்று கத்தி வாலுக்காகச் சண்டை போட்டன. மீன் ஒரு தடவை வாயிலிருந்து நழுவித் துள்ளியபோது வெள்ளியாக மின்னியது, நான் வாய்விட்டு "கோலா" என்று சொல்லிவிட்டேன். அது கோலா இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த வார்த்தைதான் வந்தது. பக்கத்தில் நின்ற சீனப் பெரியவர் என்னைப் பார்த்துத் தலையாட்டிச் சிரித்தார்.

பள்ளிக்கரணைப் பக்கம். சொந்த ஊர் தூத்துக்குடி (தாத்தா சொல்ல, பேத்தி எழுதுகிறேன்)

அண்ணாச்சி ஆமையைப் பற்றி எழுதியதைப் பேத்தி வாசித்துக் காட்டினாள். நான் தோணிக்காரன். பாய்மரத் தோணியில் கொழும்புக்கு வெங்காயமும் வத்தலும், மாலத்தீவுக்குக் காய்கறியும் கட்டடச் சாமானும் கொண்டுபோயிருக்கிறோம். திரும்பும்போது பழைய இரும்பு. எங்களுக்குக் காற்றுதான் எஞ்சின். தோணியை நடத்துகிற தண்டல், தன் காது மடலில் காற்று எங்கே படுகிறது என்று பார்த்தே பாயைத் திருப்பச் சொல்லுவார். காற்று செத்துப்போனால் கடல் எண்ணெய் மாதிரி கிடக்கும். அப்போது ஓங்கல் (டால்பின்) வந்து தோணியைச் சுற்றும். அது மூச்சு விடுகிற 'புஸ்' சத்தத்தைக் கேட்டுக்கொண்டே தூங்கியிருக்கிறேன்.

மகன் இங்கே எட்டாவது மாடியில் வீடு வாங்கினான். வந்த முதல் ஆறு மாதம் எனக்கு மூச்சு முட்டியது. கதவைச் சாத்தினால் எந்தக் காற்று வீசுகிறது என்று தெரியாது. பிறகு பால்கனியில் கட்டிலைப் போடச் சொல்லிவிட்டேன். அங்கே படுத்தால் எனக்குக் காற்று தெரிகிறது. புரட்டாசி கடைசியில் மேற்கேயிருந்து வரும் கச்சான் ஓய்ந்து, ஒரு நாள் மூக்கில் கிழக்கேயிருந்து வரும் கொண்டல் காற்றின் ஈரம் பட்டது. மருமகளிடம் வத்தலை உள்ளே எடுத்து வை என்றேன். சாயங்காலம் மழை கொட்டியது.

பால்கனிக்கு எதிரே சதுப்பு நிலம். ஒரு காலத்தில் இதைப் போல் பத்து மடங்கு இருந்ததாம், மிச்சம் கிடப்பது இவ்வளவுதான். ஒரு மூலையில் குப்பைமேடு புகைகிறது. 2022-இல் காக்க வேண்டிய ஈரநிலம், ராம்சர் இடம் என்று உலக அளவில் அறிவித்த பிறகாவது இனிமேல் குறையாது என்று நம்புகிறேன். மார்கழியில் ஒரு நாள் விடிந்தும் விடியாமல் எழுந்து பார்த்தால் தண்ணீர் ஒரு பக்கம் இளஞ்சிவப்பாக இருந்தது. வெளிச்சம் பட்டு அப்படித் தெரிகிறது என்று நினைத்தேன். வெளிச்சம் ஏறியும் நிறம் போகவில்லை. பூநாரை. நூற்றுக்கணக்கில். எல்லாம் தலையைத் தண்ணீரில் கவிழ்த்து மேய்கின்றன, எங்கள் ஊர் உப்பளத்தில் பார்த்த அதே பறவை. பேத்தியை எழுப்பினேன். தூக்கக் கலக்கத்தில் என் தோளில் சாய்ந்துகொண்டு பார்த்தாள்.

(தாத்தா இதோடு நிறுத்தச் சொல்லிவிட்டார். ஒன்று மட்டும் நான் சேர்க்கிறேன். அன்றைக்கு எனக்குப் பரீட்சை. எழுப்பினதற்கு அம்மா தாத்தாவைத் திட்டினார்கள். எனக்கு அந்தப் பரீட்சையில் என்ன கேள்வி வந்தது என்று ஞாபகமில்லை, பூநாரைகள் எழும்பியபோது இறக்கைக்கு அடியில் தெரிந்த கருஞ்சிவப்பு ஞாபகம் இருக்கிறது.)

கோயம்புத்தூர். கப்பல் எஞ்சின் ரூமில் ஆயிலராக (எண்ணெய் போடுபவராக) இருந்தவர்

நான் நட்சத்திரமோ மீனோ அதிகம் பார்க்கவில்லை. என் வேலை தண்ணீர் மட்டத்துக்குக் கீழே. சூடும் சத்தமும்தான். இருபத்தாறு வருடத்தில் காது போய்விட்டது, மெல்லிய சத்தம் எதுவும் கேட்காது. குயில் கூவினால் என் வீட்டுக்காரி என் கையைத் தொட்டு மரத்தைக் காட்டுவாள்.

இந்த வருடம் துணி காயப்போடும் கம்பியில் தேன்சிட்டு கூடு கட்டியது. சிலந்தி நூலை அலகில் இழுத்து வந்து, சருகும் பஞ்சும் சேர்த்து, ஒரு சின்னப் பை. வாசலுக்கு மேலே மழை படாமல் ஒரு தாழ்வாரம்கூட வைத்தது. பதினொரு நாள் நாற்காலி போட்டுப் பார்த்தேன். எங்கே கம்பி அசைகிறது, எங்கே நூல் தளர்ந்தது என்று அது திரும்பத் திரும்ப வந்து சரிபார்த்தது. நானும் ஒவ்வொரு வாட்சிலும் அதையேதான் செய்தேன், பேரிங்கைக் கையால் தொட்டுத் தொட்டு. குஞ்சு பறந்து போகும்வரை எங்கள் துணியெல்லாம் மாடியில்தான் காய்ந்தது.

ராயபுரம், சென்னை

கேப்டன் ஐயாவுக்கு ஒரு கேள்வி. என் வீட்டுக்காரர் கப்பலில் சுக்கானியாக இருந்தவர். ஒரு தடவை போனால் பத்து மாதம். எங்கள் மூத்த பெண்ணை அவர் முதலில் பார்த்தபோது அவளுக்கு எட்டு மாதம், அவரைக் கண்டு அழுதாள். ஊருக்கு வந்தால் கடலைப் பற்றிப் பேசவே மாட்டார். கேட்டால், "என்ன இருக்கு, தண்ணிதான்" என்பார்.

இரண்டு வருடமாக ஞாபகம் குறைந்துகொண்டே வருகிறது. என் பேர் சில நாள் வராது. மாடிக்குக் கூட்டிப் போனால் மட்டும் முகம் மாறிவிடுகிறது. துறைமுகத்துப் பக்கமிருந்து செம்பருந்து வட்டமடித்தால் அது இறங்கும்வரை பார்ப்பார். பொழுது சாய்ந்ததும் தெற்கே ஒரு நட்சத்திரத்தைக் காட்டி, "அவரு வந்துட்டாரு, சுக்கானை நேரா புடி" என்று என்னிடம் சொல்வார். நானும் "சரி, புடிச்சிருக்கேன்" என்பேன். சில மாதம் அந்த நட்சத்திரம் இருக்கிறது, சில மாதம் இல்லை. இல்லாதபோது தேடித் தவிக்கிறார். அது எது, எப்போது வரும் என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

பெசன்ட் நகர், சென்னை

அம்மா, நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அது அகத்தியராகத்தான் இருக்க வேண்டும். மார்ச் நடுவில் ராத்திரி ஏழு மணிக்கு நேர் தெற்கே நிற்கும். கையை முழுதாக நீட்டி முஷ்டி பிடியுங்கள், ஒரு முஷ்டி பத்து டிகிரி. அடிவானத்திலிருந்து இரண்டரை முஷ்டி உயரத்தில் பாருங்கள். ஏப்ரலில் மேற்கே சாய்ந்துவிடும், மே நடுவுக்குப் பிறகு அந்தி வேளையில் தெரியாது. அந்த மாதங்களில் அவரை விடிகாலையில் மாடிக்குக் கூட்டிப் போங்கள். செப்டம்பர் தொடங்கினால் நாலு, நாலரை மணிக்குத் தென்கிழக்கில் வந்திருக்கும். நாலு–எட்டு வாட்ச் பார்த்தவர் என்றால் அந்த நேரத்துக்கு அவரே விழித்திருப்பார்.

சுக்கானை நேராகப் பிடித்திருப்பதாக நீங்கள் சொன்னதும், "ஸ்டெடி" என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லிப் பாருங்கள். கப்பலில் நாங்கள் அப்படித்தான் சொல்வோம்.