பில்போ1-ஐ அடக்கிய டிரிபனோசோம்கள் ஐந்தாம் நாளில் மீள்கின்றன: வழி தேவை

வணக்கம். உறக்க நோய்க் கிருமியான டிரிபனோசோமா புரூசியில், கசையிழை (செல்லை நகர்த்தும் சாட்டை போன்ற இழை) வெளிவரும் பையின் கழுத்தை வளையம்போல் சுற்றிப் பிடித்திருக்கும் பில்போ1 புரதத்தை, டெட்ராசைக்ளினால் தூண்டப்படும் ஆர்என்ஏ குறுக்கீட்டின் (ஒரு மரபணுவின் ஆர்என்ஏவை அழித்து அதன் புரதம் உருவாவதைத் தடுக்கும் முறை) மூலம் அடக்கி வருகிறேன். பயன்படுத்துபவை: இத்தகைய தூண்டலுக்கென உருவாக்கப்பட்ட 29-13 வகைச் செல்கள், எஸ்டிஎம்-79 வளர்ப்பு ஊடகம், 27 டிகிரி செல்சியஸ்.

48 மணி நேரத்தில் எதிர்பார்த்தபடியே புதிய கசையிழை உடலோடு ஒட்டாமல் பின்முனையில் நீட்டிக்கொண்டு நிற்கிறது; பழைய கசையிழையின் அடியில் மட்டும் வளையம் சிறு புள்ளியாக ஒளிர்கிறது. ஆனால் ஐந்தாம் நாளில் இயல்பான செல்களே குடுவையை நிரப்பிவிடுகின்றன.

டெட்ராசைக்ளினை நாள்தோறும் புதிதாகச் சேர்த்தேன், அது கலவாத சீரத்துக்கு மாறினேன், ஒற்றைச் செல்லிலிருந்து இருமுறை வளர்ப்பைத் தொடங்கினேன். குறுக்கீட்டுக்காகப் புகுத்திய டிஎன்ஏ துண்டு உள்ள செல்களை மட்டும் வாழவிடும் தேர்வு மருந்துகளை ஒருபோதும் நிறுத்தவில்லை. ஒவ்வொரு முறையும் இதே விளைவுதான்.

பெருகுபவை குறுக்கீட்டுத் துண்டை இழந்த செல்களா, அல்லது துண்டு இருந்தும் தூண்டலுக்கு இணங்காத செல்களா என்பதை எந்தச் சோதனையால் உறுதியாகப் பிரித்தறியலாம்?