பிரிண்ட்கே இருந்தா ஓடுது, எடுத்தா தொங்குது: பழைய பிசிஐ டிரைவருக்கு உதவி தேவை

கேள்வி:
லினக்ஸ் கெர்னல் 2.6.32 காலத்து டிரைவர் (கார்டை இயக்குற நிரல்) ஒண்ணு என் தலையில விழுந்திருக்கு. டேட்டா சேகரிக்கிற பிசிஐ கார்டுக்கானது. எழுதினவரைப் பிடிக்க வழியில்ல, கமெண்ட்டும் கிடையாது. 6.1-க்குக் கொண்டுவர்றேன். கம்பைல் பிழையெல்லாம் தீர்ந்தாச்சு (கார்டோட ரெஜிஸ்டர்களை மெமரி முகவரியாத் தர்ற 'ஐஓரீமேப்_நோகேச்' 5.6-லயே போயிடுச்சு, வெறும் 'ஐஓரீமேப்' ஆக்கிட்டேன்). ஆனா லோட் பண்ணினா, கார்டோட நிலையைச் சொல்ற ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டர்ல, தயார்னு காட்டுற ரெடி பிட் வர்ற வரைக்கும் சுத்துற வைல் லூப்புலயே மெஷின் நின்னுடுது. லூப்புக்குள்ள ஒரு பிரிண்ட்கே (கெர்னல் லாக்ல செய்தி எழுதுற ஃபங்ஷன்) போட்டா ஒழுங்கா ஓடுது! டைமிங் பிரச்சினையா?

பதில் 1:
ரெஜிஸ்டரைக் காட்டுற ஸ்ட்ரக்ட் பாயிண்டருக்கு வோலடைல் (ஒவ்வொரு தடவையும் மெமரியில இருந்தே படிக்கச் சொல்ற குறி) போடுங்க, சரியாயிடும்.

பதில் 2:
டைமிங் இல்லைங்க. ஐஓரீமேப் தர்ற முகவரியை அந்த டிரைவர் சாதாரண பாயிண்டர் மாதிரி நேரடியாப் படிக்குது, அப்படித்தானே? லூப்புக்குள்ள அந்த மதிப்பை யாரும் மாத்தலைன்னு கம்பைலர் முடிவு பண்ணி, ஒரே தடவை படிச்சு வச்சுக்குது. பிரிண்ட்கே வெளியில இருக்கிற ஃபங்ஷன். அது மெமரியில எதைத் தொடும்னு கம்பைலருக்குத் தெரியாது, அதனால ஒவ்வொரு சுத்துக்கும் மறுபடி படிக்குது. ஆப்ஜ்டம்ப் போட்டு, கம்பைலர் தந்த அசெம்ப்ளியைப் பாருங்க: மெமரியைப் படிக்கிற லோடு கட்டளை லூப்புக்கு மேல இருக்கும், உள்ள தனக்கே தாவுற ஜம்ப் மட்டும்தான் மிஞ்சியிருக்கும். பழைய கம்பைலர் கண்டுக்காம விட்டிருக்கு, அவ்வளவுதான்.

வோலடைல் போட்டா இந்தத் தொங்கல் நிக்கும், ஆனா அது பாதி மருந்து. பஃபரை நிரப்பிட்டு ஸ்டார்ட் ரெஜிஸ்டர்ல எழுதுறீங்கன்னு வைங்க. வோலடைல் இல்லாத பஃபர் எழுத்தை அதுக்குப் பின்னாடி தள்ள கம்பைலருக்கு உரிமை உண்டு. கெர்னல் ஆவணங்கள்லயே வோலடைல் வேண்டாம்னு தனிப் பக்கம் இருக்கு. ரெஜிஸ்டரைப் படிக்க, எழுதன்னே கெர்னல்ல இருக்கிற 'ரீட்எல்', 'ரைட்எல்'லுக்கு மாறுங்க. பாயிண்டருக்கு 'ஐஓமெம்' குறி போட்டு, மேக் கட்டளையில 'சி=2' கொடுத்தா, நேரடியாத் தொடுற மத்த இடங்களையும் ஸ்பார்ஸ்ங்கிற சோதனைக் கருவி காட்டிக்கொடுக்கும். முடிவில்லாத லூப் எதுக்கு? குறிச்ச நேரத்துக்கு மேல காத்திருக்காத 'ரீட்எல்_போல்_டைம்அவுட்' மேக்ரோ இருக்கு.

கேட்டவர்:
ஆப்ஜ்டம்ப்ல நீங்க சொன்னபடியேதான்! மாத்தினதும் லோட் ஆகுது. ஆனா கார்டுகிட்ட இருந்து முதல் இன்டரப்ட் (கவனிக்கச் சொல்ற சிக்னல்) வந்தவுடனே "ஸ்கெட்யூலிங் வைல் அட்டாமிக்"னு கெர்னல் கத்துது.

பதில் 2:
அந்தக் காத்திருப்பு ஃபங்ஷனை இன்டரப்ட் ஹேண்ட்லரும் கூப்பிடுதா? அந்த மேக்ரோ நடுவுல தூங்கும்; ஹேண்ட்லர்ல தூங்கக் கூடாது. 'அட்டாமிக்'னு முடியுற வடிவம் தூங்காம சுத்தும், ஆனா அங்க சில மைக்ரோசெகண்டுக்கு மேல நிறுத்தாதீங்க. நீளமான காத்திருப்புன்னா, ஹேண்ட்லரைத் தூங்கக்கூடிய தனி த்ரெட்ல ஓட்டுற 'ரிக்வெஸ்ட்_த்ரெடட்_ஐஆர்க்யூ'வே நல்லது.

பதில் 3:
ஒண்ணு சேர்த்துக்கறேன். எக்ஸ்86-ல கார்டு பதில் தரலைன்னா பொதுவா எல்லா பிட்டும் 1-ஆத்தான் வரும். அப்ப ரெடி பிட்டும் 1! செத்துப்போன கார்டு தயார்னு சொல்லும். முழுக்க 1-ஆ வந்தா பிழைன்னு திருப்புங்க.

கேட்டவர்:
காத்திருப்பு ஃபங்ஷனை லோட் ஆகும்போதும் ஹேண்ட்லர்லயும், ரெண்டு இடத்துலயும் கூப்பிடுது. ஹேண்ட்லரை த்ரெடுக்கு மாத்திட்டேன், இப்ப பிரிண்ட்கே இல்லாமலே ஓடுது. பதில் 3 சொன்ன சோதனையையும் போட்டாச்சு. ஸ்பார்ஸ் காட்டுற மீதி இடங்களைத் தனி பேட்ச்சா அனுப்புறேன். டிஎம்ஏ (கார்டு நேரடியா மெமரியைத் தொடுற) பக்கம் இன்னும் சரியாப் பார்க்கலை, அங்க 'விர்ட்_டு_பஸ்'ங்கிற பழைய முகவரி மாத்துற ஃபங்ஷன் கண்ணுல பட்டுச்சு...

பதில் 2:
அதுக்கு டிஎம்ஏ மேப்பிங் ஏபிஐ-தான் வழி. புது இழை தொடங்குங்க.